ராஜாவும் கூட்டாளிகளும்

‘சின்ன மாமியே’ யாருடைய பாட்டு என்று சென்னையில் கேட்டுப் பாருங்கள். சிலோன் மனோகர் என்று சட்டென்று பதில் வரும். குருநகர்க் கடற்கரை வீதியில் நிற்கும் இளம் பெடியளைக் கேட்டாலும் அநேகமாக அதே பதில்தான். ஆனால் அந்தப் பாட்டைக் கட்டியவர் உரும்பிராய் நித்தி கனகரத்தினம். அறுபதுகளின் பிற்பகுதியில் அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிலையத்தில் மாணவனாக இருந்த காலத்தில் பிறந்த பாட்டு அது. சிலோன் மனோகர் என்கிற ஏ. ஈ. மனோகரனும் அதை மேடைகளில் பாடினார், பாடிப் பாடித் தன்னுடையது போல ஆக்கிவிட்டார். இதை ஒரு திருட்டு என்று எழுதினால் பத்திரிகைக்குச் சூடாக இருக்கும். அந்தக் காலத்துப் பொப் பாடகர் கூட்டத்தை அறிந்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

மனோகரனுக்குச் செய்தது போல ஒருவருக்கு ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ என்று முடி சூட்டியதும் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் மறைந்துபோகிறார்கள். எல்விஸ் பிறஸ்லி விஷயத்திலும் நடந்தது இதுதான். 1956 டிசம்பர் 4ஆம் திகதி மெம்பிஸ் நகரில் சன் ஒலிப்பதிவுக் கூடத்தில் கார்ல் பேர்க்கின்ஸ் பாடிக்கொண்டிருந்தார். பியானோவில் ஜெரி லீ லூயிஸ். முந்திய வருடம்தான் எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்சிஏ நிறுவனம் 35,000 டொலருக்கு சன் கொம்பனியிடமிருந்து வாங்கியிருந்தது. இருந்தும், பழைய இடம் என்ற உரிமையில் எல்விஸ் சும்மா எட்டிப் பார்த்தார். ஜொனி காஷும் வந்து சேர்ந்தார். நாலு பேரும் கூடி என்ன பாடினார்கள் என்று நினைக்கிறீர்கள்? இடுப்பை ஆட்டும் பாட்டுகள் கொஞ்சம்தான். சின்ன வயதில் கோயிலில் படித்த வேதப் பாட்டுகளைத்தான் அதிகம் பாடினார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். ஊர்ப் பத்திரிகை அவர்களைப் ‘பத்து இலட்சம் டொலர் நால்வர்’ என்று எழுதியது. அந்த ஒலிநாடா இசைத்தட்டாக வெளிவந்தது 1981இல். எல்விஸ் இறந்து நாலு வருடம் கழிந்திருந்தது.

குருநகர் ஆக்களுக்கு இந்தக் காட்சியைப் புரியவைக்க அதிகம் மினக்கெட வேண்டியதில்லை. கரையூர் என்ற பழைய பெயர் கொண்ட இந்தக் கத்தோலிக்க மீனவக் குறிச்சியில் பாட்டு எப்போதும் கூட்டாகத்தான் பாடப்பட்டது. யூலை 25 இங்குள்ள புனித யாகப்பர் ஆலயத்தின் திருநாள். யாழ்ப்பாணக் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் தென்மோடிக் கூத்து என்றால் விடிய விடிய நடக்கும். அண்ணாவியார் தாளத்தைத் தட்டி எடுத்துக் கொடுப்பார், கூத்தர் பாடுவார், பிற்பாட்டுக்காரர் அந்த வரியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கீழே பாய் விரித்து இருந்து பார்க்கிற கிழவிக்கும் அது மனப்பாடம்.

இங்கே ஒரு சின்ன விலகல். எல்விஸும் கூட்டாளிகளும் மெம்பிஸில் கூடியதற்கு ஒரு மாதம் முன்பு, 1956 நவம்பரில், கொழும்பில் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியது. சிங்கள நாடகத்தின் திருப்புமுனை என்று இன்றுவரை கொண்டாடப்படுகிற அந்த நாடகம் ‘நாடகம’ என்ற சிங்களக் கூத்து மரபைத் தழுவியது. அந்த மரபின் வேர் தமிழ்க் கத்தோலிக்கக் கூத்துகளில் இருக்கிறது என்பது ஆய்வாளர்கள் சொல்வது. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியதும் அதே வருடம்தான். சட்டம் ஒரு பக்கம் போக, பாட்டு வேறு பக்கம் போனது.

பைலாவும் அப்படி எல்லை தாண்டித்தான் வந்தது. போர்த்துக்கேயர் விட்டுப்போன கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்டப் பாட்டில் இருந்து பிறந்த திஸ்ர நடைத் துள்ளல் அது. மட்டக்களப்புப் பறங்கியரும் புத்தளத்துக் காப்பிரியரும் அதை அணையாமல் வைத்திருந்தார்கள். கொழும்பில் பொலிசில் வேலை பார்த்த வொலி பஸ்தியன் அதைக் குழுப் பாட்டாக மேடைக்குக் கொண்டுவந்தார். இரண்டு பாடகர்கள் ஒரு தலைப்பை எடுத்து, எதிரும் புதிருமாக அந்த இடத்திலேயே கட்டிப் பாடும் வாத பைலாவும் அவர் கையில் வளர்ந்தது. பின்னால் வந்த எம். எஸ். பெர்னாண்டோ அதைத் தெருவுக்கும் கலியாண வீட்டுக்கும் கொண்டுபோனார். 1966இல் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனெஸ்லி மாலேவனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவைத் தொடங்கி, சிங்களப் பாட்டுக்குள் மின்கிற்றாரை நுழைத்தார்கள். றேடியோ சிலோனில் வேர்ணன் கொறயாவும் ஜிம்மி பருச்சாவும் சுழற்றிய ஆங்கில இசைத்தட்டுகள் இவர்கள் எல்லாருடைய காதிலும் விழுந்திருந்தன.

நித்தியும் மனோகரனும் நின்றது இந்தச் சந்தியில்தான். அம்பாறை விடுதியில் சிங்கள மாணவர் கை தட்டிப் பைலா பாடும்போது தமிழ் மாணவரிடம் அந்தத் துள்ளலுக்கு ஏற்ற பாட்டு இல்லை. சினிமாப் பாட்டு இருந்தது, தேவாரம் இருந்தது. இரண்டையும் மேசையில் தட்டிப் பாட ஏலாது. நித்தி அந்த வெற்றிடத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சை அப்படியே கொண்டுவந்து வைத்தார். மாமி, மச்சாள், கள்ளுக்கடை, லண்டன் மாப்பிள்ளை எல்லாம் பாட்டுக்குள் வந்தன. ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்ற தலைப்பைப் பார்த்தால் ஏதோ மதுவிலக்குப் பிரசாரம் போல இருக்கும். ஆனால் அதைப் போட்டு ஆடாத கள்ளுக்கடை வடக்கில் இருந்திருக்குமோ தெரியாது. சீதனம், வெளிநாட்டு மாப்பிள்ளை மோகம் என்று நம்மவரின் நோவு தெரியும் இடங்களில் விரலை வைத்து, சிரிக்கச் சிரிக்க அழுத்தியவர் அவர். என் கணிப்பில் ஈழத்துப் பொப் பாடகர்களுள் சொல்லில் வல்லவர் நித்திதான். அந்தப் பெயருக்கு வேறு யாரும் கிட்ட வரமுடியாது.

மனோகரனின் பலம் வேறு. அவர் நடிகர். சுருட்டைத் தலைமயிர், தாடி, அகன்ற காற்சட்டை. மைக்கைப் பிடித்தால் மேடையின் ஒரு மூலையில் நிற்கமாட்டார். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978இல் வந்த ‘வாடைக்காற்று’ படத்தில் மீனவனாகவும் நடித்தார். நித்தி எழுதியது காதுக்கு, மனோகரன் காட்டியது கண்ணுக்கு. தொலைக்காட்சி இல்லாத நாட்டில் கண்ணுக்குக் காட்டுகிறவனுக்கே ‘ராஜா’ பட்டம் கிடைக்கும்.

அக்காலத்து மேடை நிகழ்ச்சி அறிவித்தல்களைப் பார்த்தால் ஒரே இரவில் இவர்களோடு இமானுவேல், எஸ். இராமச்சந்திரன், ஸ்ரான்லி சிவானந்தன், அமுதன் அண்ணாமலை என்று பெயர்கள் வரிசையாக வரும். ஒரே வாத்தியக் கோஷ்டி எல்லாருக்கும் வாசிக்கும். கோயில் வீதி மேடைகளில் சனம் துண்டுக் கடதாசியில் பாட்டின் பெயரை எழுதி மேடைக்கு அனுப்பும். யார் பாடகர் என்று துண்டில் எழுதுகிற வழக்கம் இல்லை, பாட்டின் பெயர் மட்டும்தான். மைக்குக்குக் கிட்ட நிற்கிறவர் பாடுவார். ஒரு பாட்டு பலருடையதாக ஆனது இப்படித்தான். கூத்துப் பார்த்து வளர்ந்த சனத்துக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அரசியலும் கைகொடுத்தது. 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ அரசு இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. உள்ளூர்க் கலைக்குத் திடீரென்று மூச்சுவிட இடம் கிடைத்தது. இலங்கை வானொலி ஈழத்து மெல்லிசைக்கு நேரம் ஒதுக்கியது. அந்த அரசின் கட்டுப்பாடுகளை வேறு காரணங்களுக்காகத் திட்டலாம், பாணுக்குக் கியூவில் நின்றவர்கள் திட்டத்தான் செய்வார்கள். ஆனால் பொப் பாட்டுக்காரர்கள் திட்டமாட்டார்கள்.

பிறகு பாட்டு பாக்கு நீரிணையைக் கடந்தது. சிங்களமும் தமிழும் கலந்த ‘சுராங்கனி’ மனோகரனின் குரலில் இந்தியா முழுவதும் போனது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அதைப் பயன்படுத்தினார். பாடியவர் மலேசியா வாசுதேவன்.  இலங்கைப் பாட்டைத் தமிழ்நாட்டுப் படத்தில் மலேசியாவில் பிறந்தவர் பாடினார். ஒருவர் பெயருக்கு முன்னால் சிலோன், மற்றவர் பெயருக்கு முன்னால் மலேசியா. கோடம்பாக்கம் இரண்டு பேரையும் உள்ளே விட்டது, ஆனால் வெளியில் இருந்து வந்தவர்கள் என்ற அடையாளத்தைக் கடைசிவரை கழற்றவில்லை. மனோகரனுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் கிடைத்தவை பெரும்பாலும் வில்லன் வேடங்கள். பாடகனாக அவருக்கு இருந்த கூட்டாளிகள் நடிகனாக அவருக்கு அமையவில்லை.

1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பு மேடைகளில் அந்தப் பழைய வரிசை கூடவில்லை. 1990இல் யாழ்தேவி ரயில் நின்றது, மின்சாரமும் நின்றது. 1993 நவம்பர் 13ஆம் திகதி குருநகர் யாகப்பர் ஆலயம் விமானக் குண்டுவீச்சில் உடைந்தது. ஆனால் பாட்டு கேட்கிறதை நம்மவர் நிறுத்தவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் மிதியைச் சுற்ற, டைனமோவில் இருந்து வந்த வயரைக் கசெற் பெட்டியில் கொழுவிக் கேட்டார்கள். சுற்றுகிறவர் களைத்தால் பாடகரின் குரலும் இழுபடும். உடனே ஆள் மாறும், பாட்டு பழைய வேகத்துக்குத் திரும்பும்.

வொலி பஸ்தியன் 1985இலும், எம். எஸ். பெர்னாண்டோ 1994இலும், கிளாரன்ஸ் 1996இலும் காலமானார்கள். மனோகரன் 2018 ஜனவரி 22ஆம் திகதி சென்னையில், 73ஆவது வயதில் கண்ணை மூடினார். மறுநாள் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ‘சுராங்கனி’ பாடகர் என்று தலைப்பிட்டன. நித்தி அவுஸ்திரேலியாவில் குடியேறினார், அங்கிருந்தும் மேடைகளில் பாடினார்.

இந்த வாரக் கதையில் திருகோணமலைச் சகோதரர்கள் பரமேஷ், கோணேஷ் இருவரையும் தொடாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. அவர்கள் துள்ளவில்லை, உருகினார்கள். ‘உனக்குத் தெரியுமா’ இசைத்தட்டில் இருந்து அடுத்த வாரம் தொடங்குவோம்.