ஹெபடைடிஸ் பி வைரஸ்: மரபணு வகைகளும் நோயாளியின் வயதும்

ஹெபடைடிஸ் பி வைரசின் மரபணுத் தொகுதி மிகச் சிறியது. ஏறத்தாழ 3,200 கார இணைகள்தான். அதில் சுமார் 8 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் தனி மரபணு வகையாகக் கொள்வர். 1988இல் ஜப்பானின் ஒகமோட்டோ குழுவினர் ஏ முதல் டி வரை நான்கு வகைகளைப் பிரித்துக் காட்டினர். இப்போது எச் வரை எட்டு வகைகள் உறுதியாக ஏற்கப்பட்டுள்ளன. இந்தியாவில் டி, ஏ ஆகியவையும் கிழக்காசியாவில் பி, சி ஆகியவையும் மிகுதி.

பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாட்பட்ட நோயாக நிலைக்கிறது. பெரியவர்களில் 5 விழுக்காட்டினருக்கும் குறைவாகவே அப்படி நேர்கிறது. தொற்று நிலைத்த பிறகு, மரபணு வகையின் வேலை வெளிப்படத் தொடங்குகிறது. வைரஸ் மும்முரமாகப் பெருகுவதைக் காட்டும் 'இ' ஆன்டிஜென் எந்த வயதில் ரத்தத்திலிருந்து மறையும் என்பது வகைக்கு வகை மாறுகிறது.

இதற்குத் தெளிவான சான்று அலாஸ்காவின் பழங்குடி மக்களிடம் கிடைத்தது. ஏ, பி, சி, டி, எஃப் என ஐந்து வகைகளும் அவர்களிடம் உண்டு. 2007இல் வெளியான நெடுநாள் ஆய்வின்படி, சி தவிர்த்த நான்கு வகைகளிலும் பாதிப் பேருக்கு 20 வயதுக்குள்ளேயே 'இ' ஆன்டிஜென் மறைந்துவிட்டது. சி வகையினரில் பாதிப் பேருக்கு அது மறைய 47 வயது கடந்தது. அதாவது, சி வகை கொண்ட பெண், பிள்ளை பெறும் ஆண்டுகள் முழுவதும் வைரஸ் மிகுந்த நிலையிலேயே இருக்கக்கூடும். தடுப்பு ஏதும் இல்லாவிட்டால், 'இ' ஆன்டிஜென் உள்ள தாய்க்குப் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏழு முதல் ஒன்பது பேருக்குத் தொற்றும்.

புற்றுநோயில் கணக்கு வேறு. அதே மக்களிடம் எஃப் வகையால் கல்லீரல் புற்று வந்தவர்களின் இடைநிலை வயது 22.5, மற்ற வகைகளில் 60. தைவானில் ஐம்பதைக் கடந்த புற்றுநோயாளிகளிடம் சி வகையும், கல்லீரல் சுருக்கம் இல்லாத இளையவர்களிடம் பி வகையும் மிகுந்திருந்தன. ஆனால் ஜப்பானில் பி வகைப் புற்று முதியவர்களிடமே காணப்படுகிறது. தைவானின் பி வகை என்பது சி வகையின் ஒரு துண்டைத் தன்னுள் சேர்த்துக்கொண்ட உள்வகை; ஜப்பானுடையது அப்படியல்ல. ஆகவே எழுத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டுவது பிழை.

தடுப்பூசி பெரும்பாலும் ஏ வகையை ஒட்டித் தயாரானது. ஆயினும் எல்லா வகைகளிலிருந்தும் காக்கிறது. தைவானில் 1984இல் குழந்தைகளுக்குத் தடுப்பூசி தொடங்கிய பின், 6 முதல் 14 வயதினரில் கல்லீரல் புற்று லட்சத்துக்கு 0.70 என்பதிலிருந்து 0.36 ஆகக் குறைந்தது.