வீட்டுக் கணினிப் பழுதறிதலின் வரலாறு

ஒரு கணினி வேலை செய்யாதபோது, குறை எந்த உறுப்பில் அல்லது எந்த இணைப்பில் உள்ளது என்று படிப்படியாகப் பிரித்துக் காண்பது பழுதறிதல் எனப்படுகிறது. பெருங்கணினிகளின் காலத்தில் இது, தயாரித்த நிறுவனம் அனுப்பும் பொறியாளரின் வேலையாக இருந்தது. 1970களின் பிற்பகுதியில் கணினி வீட்டுக்குள் வந்தபோது அந்தப் பொறியாளர் கூடவே வரவில்லை. ஆகவே தன் குறையைத் தானே எப்படியாவது சொல்லவேண்டிய தேவை இயந்திரத்துக்கு ஏற்பட்டது. அது எப்படிச் சொன்னது, யாருக்குப் புரியும்படி சொன்னது என்பதே இத்துறையின் வரலாறு.

சுற்றுப்படத்துடன் வந்த கணினிகள்

1977இல் வெளியான ஆப்பிள் 2 கணினிக்கு, அடுத்த ஆண்டு வந்த கையேட்டில் மின்சுற்றுப் படமும், கணினியின் நிலை நினைவகத்தில் இருந்த நிரலின் முழுப் பட்டியலும் அச்சிடப்பட்டிருந்தன. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் தன் தனிமேசைக் கணினியை அறிமுகம் செய்தபோது, அதன் தொழில்நுட்பக் கையேட்டிலும் சுற்றுப்படங்களும் பயாஸ் நிரலும் இடம்பெற்றன. வாங்குபவர் மூடியைத் திறப்பார் என்பதை இவ்விரு நிறுவனங்களும் இயல்பாக எடுத்துக்கொண்டன.

ஐபிஎம் கணினி இயக்கப்பட்டவுடன் தன் உறுப்புகளைத் தானே சோதித்தது. எல்லாம் சரி என்றால் ஒரு குறுகிய பீப் ஒலி எழும். திரைக்கான அட்டையில் கோளாறு என்றால் ஒரு நெடிய ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் வரும். திரையே வேலை செய்யாதபோது எழுத்தில் எதையும் காட்ட முடியாது என்பதால்தான் இந்த ஒலி மொழி தேவைப்பட்டது. திரை இருந்தால் எண்கள் தோன்றின: 201 என்றால் நினைவகம், 301 என்றால் விசைப்பலகை, 601 என்றால் நெகிழ்வட்டு. பிற்காலக் கணினிகள் சில, விசைப்பலகை இணைக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டு, தொடர்வதற்கு எஃப்1 விசையை அழுத்தச் சொன்னது இன்றுவரை நகைச்சுவையாகச் சொல்லப்படுகிறது.

201 என்ற எண் கவனிக்கத்தக்கது. அதற்கு முன்னால் தோன்றிய குறியீட்டைக் கையேட்டுடன் ஒப்பிட்டால், எந்த வரிசையில் எந்தச் சில்லு கெட்டுள்ளது என்பது வரை தெரிந்துவிடும். முதல் மாதிரியின் தாய்ப்பலகையில் வரிசைக்கு 9 சில்லுகள் வீதம் 4 வரிசைகள் இருந்தன. எட்டுச் சில்லுகள் தரவுக்கு. ஒன்பதாவது, மற்ற எட்டும் சரியாக உள்ளனவா என்று பார்க்கும் காவல் சில்லு. முதல் வரிசை தவிர மற்றவை பொருத்திகளில் செருகப்பட்டிருந்ததால், கெட்ட ஒன்றை மட்டும் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகலாம். கணினி இவ்வளவு துல்லியமாகத் தன் நோயைச் சொன்ன காலம் பிறகு வாய்க்கவில்லை என்றே கூறலாம்.

பொருத்திகளுக்கும் ஒரு குறை இருந்தது. கணினி சூடாகும்போது விரிந்தும் அணைந்தபின் சுருங்கியும், சில்லுகள் மெல்ல மெல்ல மேலெழும்பின. 1980இல் வந்த ஆப்பிள் 3 கணினியில் மின்விசிறி இல்லை. உள்ளே சில்லுகள் தளர்ந்தபோது, கணினியைச் சில அங்குலம் உயர்த்திக் கீழே விடும்படி நிறுவனமே ஆலோசனை கூறியதாகச் சொல்லப்படுகிறது. கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், தளர்ந்த சில்லு அந்த அதிர்ச்சியில் மீண்டும் பொருந்துவது நடக்கக்கூடியதே. தமிழ்நாட்டுப் பழுதுபார்க்கும் கடைகளில் நினைவக அட்டையைக் கழற்றி, அதன் தொடு முனைகளைப் பென்சில் அழிரப்பரால் தேய்த்து மீண்டும் செருகும் வழக்கமும் இதே உண்மையை ஒட்டியது: உறுப்பு கெடுவதைவிடத் தொடர்பு கெடுவதே அதிகம்.

ஒரே கதவைத் தட்டிய இருவர்

1990களில் வீட்டுக் கணினியில் ஒலி அட்டை, மோடம், குறுவட்டு இயக்கி ஆகியவை சேர்ந்தபோது புதுவகைக் கோளாறு தோன்றியது. எந்த உறுப்பும் கெட்டிருக்காது. ஆனால் இரண்டு உறுப்புகள் ஒன்றையொன்று முடக்கும். செயலியின் கவனத்தை ஈர்க்க ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு குறுக்கீட்டுக் கம்பி வேண்டும். முதல் ஐபிஎம் கணினியில் இவை 8 மட்டுமே. 1984இல் வந்த ஏடி மாதிரியிலிருந்து 16 எண்கள் இருந்தும், அவற்றுள் பல முன்பே ஒதுக்கப்பட்டிருந்தன. முதல் தொடர் துறையும் மூன்றாம் தொடர் துறையும் 4ஆம் எண்ணைப் பகிர்ந்துகொண்டன. சுட்டியை முதலாவதிலும் மோடத்தை மூன்றாவதிலும் இணைத்தவருக்கு, தொலைபேசி இணைப்பு கிடைத்த அதே நொடியில் சுட்டி உறைந்து நின்றது.

தீர்வு, அட்டையின் மேலிருந்த சிறு ஜம்பர் செருகியை இடம் மாற்றுவது. எந்த எண் யாருக்கு என்று ஒரு தாளில் எழுதி, கணினிப் பெட்டிக்குள் ஒட்டிவைத்தவர்களும் உண்டு. 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, இந்தப் பங்கீட்டை இயங்குதளமே செய்துகொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. செருகினால் இயங்கும் என்பதே அதன் வாக்குறுதி. 1998 ஏப்ரலில் காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில், பில் கேட்ஸ் முன்னிலையில், விண்டோஸ் 98 ஓடிய கணினியில் வருடி ஒன்றைச் செருகியதும் திரை நீலமாகிச் செயலிழந்தது. ஆனாலும் சில ஆண்டுகளில் ஜம்பர் செருகிகள் பெரும்பாலும் மறைந்தன. அவற்றோடு, தன் கணினியில் எது எங்கே இருக்கிறது என்ற பயனரின் அறிவும் பெருமளவு மறைந்தது.

எதிரொலி

வலையமைப்பில் சிக்கல் வேறு. அங்கே குறை தன் வீட்டில் இருக்கலாம், தெருவில் இருக்கலாம், வேறு கண்டத்திலும் இருக்கலாம். இதைப் பிரித்துக் காண உலகெங்கும் பயன்படும் கருவி, வீடுகளுக்கு இணையம் வருவதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. அமெரிக்கத் தரைப்படையின் எறிபொருளியல் ஆய்வகத்தில் பணியாற்றிய மைக் மூஸ், 1983 டிசம்பரில், வலையமைப்பின் விந்தையான நடத்தை ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரே மாலையில் பிங் நிரலை எழுதினார். நீர்மூழ்கிகளின் சோனார் கருவி எழுப்பும் ஒலியே அப்பெயர். 'இருக்கிறாயா' என்று ஒரு சிறு பொதியை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லி நொடி ஆனது என்று அது கணக்கிடும். இந்தக் கேள்விக்கும் பதிலுக்குமான விதி 1981இலேயே இணைய நெறிமுறையில் இருந்தது. அதை எளிதில் கையாளும் கருவியைத்தான் மூஸ் தந்தார்.

தாம் கேட்டவற்றுள் மிகச் சிறந்த பிங் கதை என்று மூஸ் பதிவு செய்துள்ள ஒன்று இது. ஓர் அலுவலகத்தில் ஈதர்நெட் இணைப்பு விட்டுவிட்டு அறுந்தது. வலையமைப்பு நிர்வாகி, ஒவ்வொரு பதிலுக்கும் கணினி 'பிங்' என்று உரக்கச் சொல்லும்படி அமைத்து, அதை ஒலிபெருக்கியில் இணைத்தார். பிறகு கட்டடம் முழுவதும் நடந்து, ஒவ்வோர் இணைப்பானாக அசைத்துப் பார்த்தார். எந்த இணைப்பானை அசைத்தபோது குரல் நின்றதோ, அதுவே குற்றவாளி. அக்கால மெல்லிய கோஅச்சு வடத்தில் ஒரு கணினியின் இணைப்பு தளர்ந்தாலும் அந்த வரிசை முழுவதும் செத்துப்போகும் என்பதை நினைத்தால் அவர் நடந்த நடையின் பயன் விளங்கும்.

விண்டோஸ் 95 வழியாக பிங் கட்டளை வீட்டுக் கணினிகளுக்கும் பரவியது. அதைக் கொண்டு உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு படியாகச் செல்லும் முறை நிலைபெற்றது: முதலில் 127.0.0.1 என்ற தன் முகவரி, பிறகு வீட்டு ரவுட்டர், பிறகு வெளியுலகில் ஏதேனும் ஓர் எண் முகவரி, இறுதியில் ஒரு தளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், இணைப்பு நன்றாகவே உள்ளது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவையில்தான் குறை. 1980களின் இறுதியில் வான் ஜேக்கப்சன் எழுதிய டிரேஸ்ரூட் நிரல், பொதி கடக்கும் ஒவ்வொரு நிறுத்தத்தையும் வரிசையாகக் காட்டி, வீட்டுக்கு வெளியே உள்ள குறையையும் ஓரளவு சுட்டியது.

விண்டோஸ் 98 முதல் வேறொரு தடயமும் கிடைத்தது. ரவுட்டரிடமிருந்து முகவரி வாங்க முடியாத கணினி, 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே சூட்டிக்கொள்ளும். அந்த எண்ணைக் கண்டவுடன், இணைய நிறுவனத்தை அழைக்கும் முன் வீட்டுக்குள்ளிருக்கும் கம்பியையும் ரவுட்டரையும் பார்க்கவேண்டும் என்று புரிந்துகொள்ளலாம். கம்பியில்லா வைஃபை வந்தபின் அசைத்துப் பார்க்க இணைப்பானே இல்லாமல் போனது. 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையில் நுண்ணலை அடுப்பும் இயங்குவதால், சமையலறையில் உணவு சூடாகும்போது கூடத்தில் இணையம் தடுமாறுவது உண்மையிலேயே நிகழ்வதுதான்.

சொல்லப்படாத நோய்

ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை, உலகெங்கும் கணினித் தாய்ப்பலகைகள் வழக்கத்துக்கு மாறாக விரைவில் கெட்டன. செயலியைச் சுற்றி உருளை வடிவில் நிற்கும் மின்தேக்கிகளே காரணம். செயலிக்குச் செல்லும் மின்னழுத்தத்தைச் சீராக வைப்பது இவற்றின் வேலை. சில தைவான் நிறுவனங்களின் மின்தேக்கிகளில் இருந்த மின்பகு திரவம் குறையுடையதாக இருந்தது. அது அலுமினியத்துடன் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்க, தட்டையான மேல்மூடி உப்பியது. பிறகு வெடித்துப் பழுப்பு நிறத் திரவம் கசிந்தது. ஒரு நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட அரைகுறைச் சூத்திரமே இதற்குக் காரணம் என்ற கதை பரவலாக உலவினாலும், அது ஐயமற நிறுவப்படவில்லை.

பழுதறிதலின் நோக்கில் இது மோசமான வகைக் கோளாறு. கணினி திடீரென மறுதொடக்கம் ஆகும். காலையில் நான்கு முறை முயன்றால் ஐந்தாம் முறை இயங்கும். பீப் ஒலியோ பிழை எண்ணோ எதுவும் சொல்லாது, ஏனெனில் சோதனையைச் செய்யவேண்டிய செயலிக்கே சீரான மின்சாரம் கிடைக்கவில்லை. பயனர்கள் வைரஸ் என்று நினைத்து இயங்குதளத்தை அழித்து நிறுவினர், நினைவகத்தை மாற்றினர், மின்வழங்கியை மாற்றினர். பெட்டியைத் திறந்து விளக்கைப் பிடித்துப் பார்த்திருந்தால் உப்பிய மூடிகள் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். டெல் நிறுவனம் 2005இல், பாதிக்கப்பட்ட ஆப்டிபிளெக்ஸ் கணினிகளுக்காகச் சுமார் 300 மில்லியன் டாலரை ஒதுக்கியது. சாலிடர் இரும்பு பிடிக்கத் தெரிந்த தொழிலாளிகளோ, சில மலிவான மின்தேக்கிகளை மாற்றி அதே பலகைகளை உயிர்ப்பித்தனர்.

இன்றைய பல மடிக்கணினிகளில் நினைவகம் பலகையுடனேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் கழற்றித் துடைக்கவோ மாற்றிப் பார்க்கவோ வழியில்லை. மேசைக் கணினிகளில் மட்டும் பழைய மரபின் எச்சங்கள் உள்ளன: சில தாய்ப்பலகைகளில் ஒளிரும் இரண்டு இலக்கக் குறியீடு, ஏடி மாதிரி தன் சோதனைப் படிகளை எழுதிய 80 என்ற துறையின் வழித்தோன்றலே. பெரும்பாலான பலகைகளில் சிஆர் 2032 என்ற நாணய வடிவ மின்கலமும் உள்ளது. 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட இந்த 3 வோல்ட் மின்கலம் தீர்ந்தால், கணினி அணைந்திருக்கும்போது கடிகாரம் நாளை மறந்துவிடும். பல ஆண்டு பின்னோக்கிய தேதியுடன் எழும் கணினிக்கு, பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ்கள் இன்னும் செல்லுபடியாகத் தொடங்காதவை போலத் தோன்றும். உலாவி அவற்றைத் திறக்க மறுக்கும். பிங் அனுப்பினால் பதில் வரும், ரவுட்டரின் விளக்குகள் சரியாக எரியும், ஆனால் தளங்கள் திறக்கா. திரையின் மூலையில் உள்ள தேதியைப் பார்த்தால் போதும்.