கேப்சூலும் பஃபும்

ராதாபுரத்தைச் சுற்றியுள்ள பனங்காடுகளில் விடிலி என்னும் ஓலைக்குடிசை போட்டுப் பதநீர் காய்ச்சிய ஆச்சிமார் பலர் பீடியைத் தொட்டதே இல்லை. இருந்தும் அறுபதுக்கு மேல் இளைப்பு வந்துவிடுகிறது. காய்ந்த ஓலையும் மட்டையும் எரியும் அடுப்புக்கு முன்னால் பருவம் பருவமாக உட்கார்ந்து விழுங்கிய புகைதான் அதற்குப் பெருங்காரணம். மருத்துவர் சீட்டில் அது சிஓபிடி, வீட்டில் முட்டு.

அப்படி ஓர் ஆச்சியை நினைத்துக்கொள்வோம். பல வருடம் ரோட்டாஹேலரில் கேப்சூல் போட்டு இழுத்தவர். இப்போது மருத்துவர் பஃபுக்கு மாற்றி எழுதிவிட்டார். மருந்து அதேதான், ஃபார்மோடெராலும் புடசோனைடும். ஆனால் நாலாம் நாளே ஆச்சி சொல்கிறார்: "இதுல மருந்தே வரல, ஐயா."

இதைக் கிழவியின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. ரோட்டாஹேலரில் பொடியைக் கிளப்பும் விசை கருவியில் இல்லை, இழுப்பவரின் மூச்சில்தான் இருக்கிறது. கேப்சூலைப் போட்டுத் திருகியதும் அது இரண்டாகப் பிரியும். பிறகு வாயை வைத்து வெடுக்கென்று, பலமாக இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் பொடி கூட்டிலேயே தங்கிவிடும். பஃபில் நேர் எதிர். அடைத்து வைத்த வாயுவே மருந்தைப் பீய்ச்சுகிறது. குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, அமுக்கும் அதே கணத்தில் இழுக்கத் தொடங்கி, மூன்று முதல் ஐந்து விநாடி நிதானமாக இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் தொண்டையில் அடித்து அங்கேயே படிந்துவிடும். பழைய கருவியில் கெட்டிக்காரராக இருந்தவர்தான் புதியதில் அதிகம் தடுமாறுவார். கை பழகியதைவிட மூச்சு பழகியது மாறுவது கடினம்.

இன்னொன்று, சாட்சி. கேப்சூலில் லாக்டோஸ் கலந்திருப்பதால் நாக்கில் லேசாக இனிக்கும். இழுத்து முடித்ததும் கூடு காலியா என்று கண்ணால் பார்க்கலாம், பொடி மிச்சமிருந்தால் மறுபடி இழுக்கலாம். பஃபில், அதுவும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழலை இடையில் வைத்து இழுத்தால், இனிப்பும் இல்லை, கூடும் இல்லை. எண் காட்டாத டப்பாவாக இருந்தால் எத்தனை பஃப் மிச்சம் என்றும் தெரியாது. ஆச்சி தேடுவது மருந்தை அல்ல, மருந்து வந்ததற்கான அடையாளத்தை.

படித்த நாட்டிலும் இதே கதைதான். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்பாட்டின் தொடர்ச்சியாக, அமெரிக்காவில் 2008 இறுதியோடு ஓசோனைக் கெடுக்கும் பழைய வாயுவில் இயங்கிய சால்புடமால் என்ற நிவாரண மருந்தின் பஃப் நிறுத்தப்பட்டது. பழைய வாயு சில்லென்று தொண்டையில் அறைந்தது. புதியது மென்மையாக வந்தது. உள்ளே அதே மருந்து, ஆனாலும் பலர் வேலை செய்யவில்லை என்றே முறையிட்டார்கள். அதே 2008இல் அங்குள்ள மருந்து நிர்வாகம் இழுக்க வேண்டிய கேப்சூலை விழுங்கிவிடாதீர்கள் என்று எச்சரிக்கவும் வேண்டியிருந்தது. மாத்திரை போல இருந்தால் மனிதன் விழுங்கத்தான் செய்வான்!

ஊருக்கு எது தோது? கேப்சூலுக்கு ஈரம் ஆகாது. கூடங்குளம், உவரிப் பக்கத்துக் கடற்காற்றில் குப்பியைத் திறந்து வைத்தால் பொடி கட்டிதட்டிவிடும். கருவிக்குள் மூச்சை விட்டாலும் அப்படித்தான். பஃபுக்கு வெயில் ஆகாது. உச்சி வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பெட்டியில் அதைப் போட்டு வைப்பது ஆபத்து. ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் எதில் இழுத்தாலும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரக்கூடும்.

தினசரி மருந்துக்குக் கேப்சூலே பிடித்திருந்து, பலமாக இழுக்கத் தெம்பும் இருந்தால், மருத்துவரிடம் சொல்லி அதிலேயே தொடரக் கேட்பதில் தவறில்லை என்பேன். ஆனால் முட்டு முற்றும்போது அந்தத் தெம்புதான் முதலில் போகிறது. ஸ்பேசரில் பஃபை அமுக்கிவிட்டால் சாதாரண மூச்சாகவே நாலைந்து தடவை இழுத்துக்கொள்ளலாம், அமுக்குவதைப் பேரப்பிள்ளைகூடச் செய்யலாம். ஆடிக் காற்று புழுதியை வாரியடிக்கும் ராத்திரியில், வள்ளியூர் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வரும்வரை, ஆச்சியின் தலைமாட்டில் இருக்க வேண்டியது உடனடி நிவாரணப் பஃபும் அந்த ஸ்பேசரும்தான்.