காசிக்குக் கிளம்பிய வகுப்பு

கேரவன் என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது, படப்பிடிப்பில் நடிகர்கள் ஏறி உட்கார்ந்துகொள்ளும் ஏசி வண்டிதான். அதன் ஏழைத் தம்பி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாங்கள் ஐந்து பேர் ஒரு வாரம் ஏரி ஏரியாகச் சுற்றினோம். பின்பக்கம் படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். தென்னேரி, உத்திரமேரூர், மதுராந்தகம் என்று போகும் இந்த நிலத்துக்கு ஏரி மாவட்டம் என்ற பெயர் சும்மா வரவில்லை. மூன்றாம் நாள் திருப்புட்குழியில் நின்றபோது, இதே ஊரிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் வருடங்களுக்கு முன்பு கிளம்பிய இன்னொரு கூட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. மிச்ச நாலு நாளும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

திருப்புட்குழி, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டிய ஊர். புள் என்றால் பறவை. பறவையைப் புதைத்த குழி என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். விஜயராகவப் பெருமாள் மடியில் ஜடாயுவோடு உட்கார்ந்திருக்கிறார். தகப்பனுக்குச் செய்ய முடியாத ஈமக்கடனை ராமன் ஒரு கழுகுக்குச் செய்த இடம் என்பது தலபுராணம். குழந்தை வேண்டும் பெண்கள் வறுத்த பயறை நனைத்து இடுப்பில் கட்டிக்கொண்டு இரவு தூங்குவார்கள். விடிவதற்குள் முளைத்தால் பலிக்கும் என்று நம்பிக்கை. வறுத்த விதை முளைக்காது என்பது வேதாந்திகளுக்குப் பிடித்த உவமை, ஞானத்தால் வறுபட்ட வினை திரும்ப முளைக்காது என்று சொல்வதற்கு. அந்த வேதாந்தம் சொல்லிக்கொடுத்த ஊரிலேயே வறுத்த பயறு முளைக்கிறது!

சொல்லிக்கொடுத்தவர் யாதவப்பிரகாசர். 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். கூடவே அவருடைய சித்தி மகன், மதுரமங்கலத்துக் கோவிந்தன். வகுப்பில் என்ன நடந்தது என்பது பலருக்கும் தெரிந்த கதை. குருவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சாந்தோக்ய உபநிடதத்தின் ஒரு சொல்லுக்கு விளக்கம் வருகிறது. இறைவனின் கண் தாமரை போன்றது, அந்தத் தாமரை குரங்கின் பின்பக்கம் போலச் சிவந்தது என்கிறார் குரு. ராமானுஜர் கண்ணிலிருந்து சூடாக ஒரு சொட்டு குருவின் தொடையில் விழுகிறது. 'கபி' என்றால் இங்கே குரங்கு இல்லை, தண்ணீரைக் குடிக்கும் சூரியன். சூரியனால் மலர்ந்த தாமரை என்று பிரித்துக் காட்டுகிறார் மாணவர். இலக்கணப்படி அதற்கும் இடம் இருக்கிறது. எந்த வாத்தியாருக்கும் இது கஷ்டமான தருணம்தான். இப்படி இரண்டு மூன்று தடவை ஆனபிறகு, ஒரு நாள் எல்லோரும் காசிக்குப் போகலாம் என்று அறிவிக்கிறார்.

குருபரம்பரை நூல்கள் சொல்வது இது: கங்கையில் ராமானுஜரை மூழ்கடித்துவிட்டு விபத்து என்று சொல்லிவிடுவது திட்டம். கூட வந்த மாணவர்களில் ஒரு பகுதிக்கு இது தெரியும். ராமானுஜருக்குத் தெரியாது.

இந்தப் பயணத்தின் நீளத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காஞ்சியிலிருந்து காசி இன்றைய சாலையில் சுமார் 1,800 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் நடந்தால் தொண்ணூறு நாள், அதுவும் ஒரு நாள்கூட ஓய்வில்லாமல். 1830 மே 18 அன்று சென்னையிலிருந்து காசிக்குக் கிளம்பிய ஏனுகுல வீராசாமி, சுப்ரீம் கோர்ட்டில் துபாஷி வேலை பார்த்தவர், பல்லக்கு, கூடாரம், பெரிய பரிவாரம் எல்லாம் வைத்துக்கொண்டு போனார். 1831 செப்டம்பர் 3 அன்றுதான் திரும்பினார். அவர் தெலுங்கில் எழுதிவைத்த குறிப்புகள் 'காசியாத்ரா சரித்திர' என்று 1838இல் அச்சாகின. கம்பெனிக் காலத்து வசதியிலேயே பதினைந்து மாதத்துக்கு மேல்! பதினோராம் நூற்றாண்டில் வழித்துணை என்றால் வணிகச் சாத்துகள்தான். கேரவன் என்பதற்கு நம்மிடம் இருந்த சொல் அது. கோவலனின் அப்பா மாசாத்துவான் பெயரில் இன்னும் இருக்கிறது. ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் ஆயுதம் தாங்கிய காவலோடு தேசம் விட்டுத் தேசம் போன காலம். அதற்கு ஒரு தலைமுறை முன்னால், 1020களில், ராஜேந்திர சோழனின் படை கங்கை வரை போய்த் தண்ணீர் கொண்டுவந்து, கங்கைகொண்ட சோழபுரத்தில் வெட்டிய ஏரியில் சேர்த்தது. ஆக, வழி தெரியாத வழி இல்லை.

கிளம்பும்போது சுலபமாகத்தான் இருந்திருக்கும். தொண்டை மண்டலத்துக்குள் இருக்கும்வரை ஒரு ஏரி கண்ணுக்கு மறைவதற்குள் அடுத்த ஏரிக்கரை தெரிந்துவிடும். உத்திரமேரூரில் ஏரியைப் பார்த்துக்கொள்ளவே 'ஏரி வாரியம்' என்று ஒரு குழு, அதற்குக் குடவோலைத் தேர்தல் என்று பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. குளிக்க, குடிக்க, சமைக்க, கரையில் படுக்க, எல்லாவற்றுக்கும் ஏரிதான். எங்கள் வண்டியும் அதே கணக்கில்தான் ஓடியது. தொட்டி காலியானால் அடுத்த ஊர். ஏரி நாடு முடிந்த பிறகுதான் பயணம் என்பதே தொடங்குகிறது.

மாதக்கணக்கில் ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகத் தூங்கி, கூட நடப்பவனைக் கொல்லப் போகிறோம் என்று தெரிந்தே அவனோடு பேசிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கதையில் வேடன் வருவதைவிட இதுதான் நம்ப முடியாத பகுதி. அப்புறம் அலுவலகத்தில் பார்த்த சில விஷயங்கள் ஞாபகம் வந்தன, நம்ப முடிந்தது.

விந்திய மலைக் காட்டில் கோவிந்தன் அண்ணனைத் தனியாகப் பிடித்து விஷயத்தைச் சொல்லிவிடுகிறான். ஓடிவிடு என்கிறான். ராமானுஜர் காட்டுக்குள் மறைகிறார். வழி தெரியாமல் தவிக்கும்போது ஒரு வேடனும் வேடச்சியும் துணைக்கு வருகிறார்கள். இரவு வேடச்சிக்குத் தாகம். விடிந்ததும் ராமானுஜர் ஒரு கிணற்றில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் கொடுக்கிறார். மறுபடி அள்ளப் போய்விட்டு வந்து பார்த்தால் இருவரையும் காணோம். பக்கத்தில் வந்தவர்களிடம் இது எந்த ஊர் என்று கேட்டால், காஞ்சிபுரம்கூடத் தெரியவில்லையா என்கிறார்கள். செவிலிமேட்டுப் பக்கத்துச் சாலைக் கிணறு அது. பிறகு தினமும் அங்கிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்து வரதராஜருக்குக் கொடுத்துவந்தார். வரதராஜரும் தாயாரும் வேடர் கோலத்தில் செவிலிமேட்டுக்கு எழுந்தருளும் உற்சவம் இன்றும் நடக்கிறது.

பக்தர்கள் அந்தக் கிணற்றோடு நின்றுகொள்வார்கள். கோவிந்தன் என்ன ஆனான்? அவன் கூட்டத்துக்குத் திரும்பிப் போகிறான். அண்ணனைக் காணோம் என்று மற்றவர்களோடு சேர்ந்து தேடுகிறான். காட்டு மிருகம் ஏதாவது அடித்திருக்கும் என்று அவர்கள் முடிவுக்கு வரும்போது கூட இருந்து அழுதிருக்கவும் வேண்டும். பிறகு அந்த ஆட்களோடேயே மிச்சத் தூரத்தையும் நடந்து காசி போகிறான். அங்கே கங்கையில் முழுகி எழும்போது அவன் உள்ளங்கையில் ஒரு லிங்கம் வந்து சேர்கிறது. 'உள்ளங்கை கொண்ட நாயனார்' என்று பெயராகி, சிவபக்தனாகக் காளத்தியில் தங்கிவிடுகிறான். வைணவ ஆசாரியர்களின் வரலாற்றை எழுதியவர்கள் இதை மறைக்கவில்லை என்பதைக் கவனிக்கலாம். லிங்கம் குருவின் மந்திர வேலை என்று சமாதானம் சொல்கிறார்கள், ஆனால் விடவில்லை. பல வருடம் கழித்துத் திருமலை நம்பி அவரைத் திரும்ப அழைத்து வருகிறார். எம்பார் என்று நாம் அறிவது அவரைத்தான்.

இதெல்லாம் நடந்ததா? குருபரம்பரை நூல்கள் ராமானுஜர் காலத்துக்குப் பின்னால் தொகுக்கப்பட்டவை, ஜெயித்த தரப்பின் நூல்கள். யாதவப்பிரகாசரை அவை அத்வைதி என்கின்றன; தத்துவ வரலாறு எழுதுபவர்கள் அவரைப் பேதாபேதவாதி என்கிறார்கள். பிரம்மமே உண்மையில் உலகமாக மாறுகிறது, உலகம் மாயை இல்லை என்ற கட்சி. ராமானுஜர் 'வேதார்த்த சங்கிரகத்'தில் அந்தக் கட்சியை வரி வரியாக மறுக்கிறார். கொலை முயற்சி பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. நான் காசிப் பயணத்தை நம்புகிறேன், கருத்துச் சண்டையை நம்புகிறேன், கங்கைத் திட்டத்தை அவ்வளவாக நம்பவில்லை. குருவை விட்டு விலகிய மாணவனுக்கு ஒரு பலமான காரணம் தேவைப்பட்டிருக்கும், பின்னால் வந்தவர்களுக்கு. நண்பர்களில் இருவர் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை; மதுராந்தகம் ஏரிக்கரையில் ராத்திரி ஒரு மணி வரை சண்டை.

காசியிலிருந்து திரும்பிய யாதவப்பிரகாசர் காஞ்சியில் ராமானுஜரை உயிரோடு பார்க்கிறார். இருவருமே எதையும் காட்டிக்கொள்ளவில்லை, பாடம் கொஞ்ச காலம் தொடர்ந்தது என்கிறார்கள். கடைசியில் வயதான காலத்தில், தாயாரின் சொல்லைக் கேட்டு, தன் பழைய மாணவரிடமே சீடராகிறார். துறவு வாங்கிக்கொண்டபோது அவருக்குக் கிடைத்த பெயர் கோவிந்த ஜீயர். எத்தனையோ பெயர்கள் இருக்க, கோவிந்தன்! அதன்பின் அவர் எழுதிய நூல் 'யதிதர்ம சமுச்சயம்'. சந்நியாசி எப்படிப் பிச்சை எடுக்க வேண்டும், எப்படி ஊர் ஊராகப் போக வேண்டும், மழைக்காலத்தில் எப்படி ஓரிடத்தில் தங்க வேண்டும் என்று பழைய விதிகளைத் தொகுத்துச் சொல்வது. 1995இல் பாட்ரிக் ஒலிவெல் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.