14,650 ஓட்டு

2012ல நான் ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தேன். எங்க கிளாஸ்ல ஓட்டெடுப்பு வச்சிருந்தா ஜனாதிபதி பதவி கலாமுக்குத்தான். ஆனா அந்த ஜூன்ல, போட்டியிடலைன்னு அவரே சொல்லிட்டார். ஜெயிக்கற அளவுக்கு எம்.பி., எம்.எல்.ஏ. ஆதரவு இல்லை. "ஜனங்களுக்குப் பிடிச்சவர் வர முடியாதுன்னா இது என்னப்பா எலெக்ஷன்?"னு அப்பாகிட்ட குதிச்சேன். "1969ல என்ன நடந்ததுன்னு படிச்சுட்டு வா, அப்புறம் சண்டை போடு"ன்னார். படிச்சு முடிக்க இத்தனை வருஷம் ஆச்சு :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அரசியல் நிர்ணய சபையிலேயே கே.டி.ஷா, மக்களே நேரடியா ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கணும்னு வாதாடினார். நேருவும் அம்பேத்கரும் ஒத்துக்கலை. அதிகாரம் மந்திரிசபைகிட்ட இருக்கு. கோடிக்கணக்கான பேர் ஓட்டு வாங்கி வந்த ஒருத்தர் சும்மா கையெழுத்து மட்டும் போடுவாரா? ஒரே உறையில ரெண்டு கத்தி ஆயிடும். நியாயமான பயம்தான்.

மே 1969ல ஜாகிர் உசேன் பதவியில இருக்கும்போதே காலமானார். காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. அவர் மனுவில முன்மொழிஞ்சு கையெழுத்துப் போட்டது இந்திரா காந்தியேதான்! அப்புறம், "மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்க"ன்னுட்டார். இந்தத் தேர்தல்ல கொறடா உத்தரவு கிடையாது, ரகசிய ஓட்டு. சுயேச்சையா நின்ன வி.வி.கிரிக்கு தி.மு.க.வும் இடதுசாரிகளும் ஆதரவு. நம்ம காமராஜர் ரெட்டி பக்கம்.

முதல் சுற்றுல கிரிக்கு 4,01,515. ரெட்டிக்கு 3,13,548. மூணாவதா வந்த சி.டி.தேஷ்முக்குக்கு 1,12,769. ஜெயிக்க வேண்டியது 4,18,169. யாருக்கும் இல்லை. அதனால இரண்டாவது விருப்ப ஓட்டுகளை எண்ணினாங்க. கடைசியில கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650. இது தலை எண்ணிக்கை இல்லை, ஓட்டு மதிப்பு. இரண்டாவது விருப்பம் வரைக்கும் போன ஒரே ஜனாதிபதி தேர்தல் இதுதான். அதே நவம்பர்ல காங்கிரஸே ரெண்டாச்சு.

மறைமுகத் தேர்தலோட நல்லது இதுல தெரியுது. கட்சி கைகாட்டின ஆளையே தோற்கடிக்கற சுதந்திரம் உறுப்பினருக்கு இருந்தது. கெட்டதும் இங்கேயேதான் இருக்கு. ஜெயிச்சது மனசாட்சியா, பிரதமரா?

பதில் 1975ல கிடைச்சது. 1974ல ஆளுங்கட்சி பலத்துல வந்த பக்ருதீன் அலி அகமது, ஜூன் 25 ராத்திரி எமர்ஜென்சி பிரகடனத்துல கையெழுத்துப் போட்டார். மந்திரிசபைக்கே மறுநாள் காலைலதான் சொன்னாங்க.

அப்போ நேரடித் தேர்தலே மேலா? அங்கதான் நான் தயங்கறேன். 1997ல கே.ஆர்.நாராயணன் இதே முறைலதான் வந்தார், ஏறக்குறைய எல்லாக் கட்சி ஆதரவோட. அதே வருஷம் உ.பி. ஆட்சியைக் கலைக்கச் சொன்ன பரிந்துரையைத் திருப்பி அனுப்பினார். 1998ல பீகார் விஷயத்துலயும் அப்படியே. 2002ல பல கட்சி ஆதரவோட வந்த கலாமும் 2006ல ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பினார். (பார்லிமெண்ட் மறுபடி நிறைவேத்தினதும் கையெழுத்துப் போட்டார், அது வேற கதை.) எனக்குப் புரிஞ்சது இதுதான்: இந்த முறை ஒரு கண்ணாடி. சபை முழுக்க ஒரே கட்சின்னா, ஜனாதிபதியும் அவங்க ஆள். பல பேர் சேர்ந்து அனுப்பினவருக்கு யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை.

நம்ம ஊருக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. எம்.எல்.ஏ. ஓட்டு மதிப்பு 1971 மக்கள்தொகையை வச்சு: தமிழ்நாடு 176, உ.பி. 208, சிக்கிம் 7. நேரடித் தேர்தல்னா இன்னைய தலைக்கட்டுதான் பேசும். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்கா செஞ்ச நாம அதுல இன்னும் சுருங்கிடுவோம். 2001ல செஞ்ச 84வது திருத்தப்படி, அந்த 1971 கணக்குகூட 2026க்கு அப்புறம் வர்ற முதல் சென்சஸ் வரைக்கும்தான்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ அப்பாகிட்ட இதையெல்லாம் ஒப்பிச்சேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்ப 2012ல கலாம் வராதது சரிங்கறியா?"ன்னார்.

சரின்னு சொல்ல மனசு வரலை. இன்னும் வரலை.