துப்பாக்கி இருக்கிறது, தோட்டா எங்கே?

பழைய துப்பாக்கி ஒன்று எண்ணெய் போட்டு வைத்தால் நூறு வருடம் தாண்டியும் இருக்கும். அதன் தோட்டா அப்படி இருக்காது. குண்டையும் மருந்தையும் தாங்கும் பித்தளைக் கூடு, சுட்டவுடன் வெளியே விழுந்துவிடும். அந்த அளவுக் கூடு செய்வதைத் தொழிற்சாலைகள் நிறுத்திவிட்டால் துப்பாக்கி வெறும் இரும்புத் தடிதான். இதற்கு நல்ல உதாரணம், பிரிட்டிஷ் ராணுவம் 1871-ல் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி.

அதன் தோட்டாவில் சுமார் 5.5 கிராம் கரிமருந்தும் 31 கிராம் எடையுள்ள ஈயக் குண்டும் இருந்தன. கூட்டை வடிவமைத்தவர் உல்விச் ராணுவ ஆய்வுக்கூடத்தின் எட்வர்ட் பாக்ஸர். மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, அடியில் இரும்பு வட்டு வைத்துப் பொருத்திய கூடு அது. சுடும்போது தகடு விரிந்து அறையை அடைத்துக்கொள்ளும். ஆனால் குழல் சூடேறினால் தகடு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். விசையை இழுத்தால் இரும்பு வட்டு மட்டும் தனியாகக் கழன்று வரும். அடுத்த தோட்டாவைப் போட வழியிருக்காது.

1885 ஜனவரி 17 அன்று சூடானின் அபு கிளியாவில் இந்தக் குறை வெளிச்சத்துக்கு வந்தது. கார்ட்டூமில் முற்றுகையில் இருந்த கோர்டனை மீட்கப் போன படையை மஹ்தி வீரர்கள் தாக்கினார்கள். நெருக்கத்தில் பல துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டன. பிரிட்டிஷ் தரப்பில் 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மஹ்தி தரப்பில் இறந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. பாலைவன மணலுக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், தகட்டுக் கூட்டின் மீதான நம்பிக்கை போய்விட்டது. ஒரே துண்டாக இழுத்துச் செய்த கெட்டியான பித்தளைக் கூடு அதன் இடத்துக்கு வந்தது. 1888-ல் லீ-மெட்ஃபோர்ட் துப்பாக்கி வந்ததும் மார்ட்டினியின் காலமே முடியத் தொடங்கியது.

சரி, மிச்சமிருக்கும் பழைய தோட்டாக்களைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். பித்தளைக்கும் வயதாகும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக் கூடுகள் யாரும் தொடாமலே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், கூட்டை வடிக்கும்போது உள்ளே தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921-ல்தான் விளங்கியது.

2003-ல் காத்மாண்டுவின் பழைய அரண்மனைக் கிடங்கு ஒன்றிலிருந்து பல்லாயிரம் பழந்துப்பாக்கிகளை அமெரிக்க வியாபாரிகள் வாங்கினார்கள். அவற்றில் மார்ட்டினிகள் ஏராளம். சேகரிப்பவர்கள் கைக்குத் துப்பாக்கி வந்தது, கூடுதான் கிடைக்கவில்லை.

வழி கிடைத்தது வேட்டைத் துப்பாக்கியிலிருந்து. 24 கேஜ் பித்தளைக் கூட்டின் அடிப்பாகம் மார்ட்டினிக் கூட்டின் அடிப்பாகத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். அதன் மேல்பகுதியை எஃகு அச்சுகளில் அழுத்திப் படிப்படியாகக் குறுக்குகிறார்கள். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை, அழுத்த அழுத்த இறுகி வெடித்துவிடும். அதனால் இடையிடையே மேல்பகுதியைச் சூடாக்கி மென்மையாக்க வேண்டும். அடிப்பாகத்தில் மட்டும் சூடு ஏறக்கூடாது. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். அங்கே பிழை செய்தால் சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாக்ஸரின் தகட்டுக் கூட்டை ராணுவம் கைவிட்டது. ஆனால் கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்க அவர் அமைத்த பிரைமர் முறை இன்றும் அவர் பெயரிலேயே உலகெங்கும் இருக்கிறது. இப்படி மாற்றிய 24 கேஜ் கூடுகளிலும் வேலை செய்வது அதே பாக்ஸர் பிரைமர்தான்!