மதுரை வட்டாரத்தில் மருத்துவக் கழிவு ஒழுங்குமுறை

மருத்துவக் கழிவு ஒழுங்குமுறை என்பது மருத்துவமனைகள், ஆய்வகங்கள், குருதி வங்கிகள் ஆகியவற்றில் உண்டாகும் தொற்று அபாயமுள்ள கழிவுகளைப் பிரித்து, எடுத்துச் சென்று, பாதுகாப்பாக அழிப்பதற்கான அரசு விதிகளைக் குறிக்கும். அரசு இராசாசி மருத்துவமனையும் பல தனியார் மருத்துவமனைகளும் உள்ள மதுரை, தென்மாவட்டங்களின் முதன்மையான மருத்துவ நகரமாகும்.

தொடக்கம்

1996 ஆம் ஆண்டு பி. எல். வதேரா வழக்கில், தில்லியின் பெரிய மருத்துவமனைகள் எரியுலை அமைக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 1986 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1998 சூலையில் மருத்துவக் கழிவு விதிகள் வெளியாயின. கழிவை உண்டாக்கும் நிறுவனமே அதற்குப் பொறுப்பு என இவை வரையறுத்தன. தமிழகத்தில் அனுமதி வழங்கிக் கண்காணிக்கும் பொறுப்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் உள்ளது.

பொது மையங்கள்

நெகிழிக் கழிவைக் குறைந்த வெப்பத்தில் எரித்தால் டையாக்சின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். நகருக்குள் மருத்துவமனைதோறும் சிறு எரியுலைகள் இயங்குவதைத் தவிர்க்கப் பொதுச் சுத்திகரிப்பு மையங்கள் உருவாயின. 75 கி.மீ. தொலைவுக்குள் பொது மையம் இருந்தால், மருத்துவமனை தனி மையம் அமைக்கக் கூடாது. மதுரையின் கழிவு விருதுநகர் மாவட்டத் திருச்சுழி வட்டாரத்தில் உள்ள பொது மையத்துக்குச் செல்கிறது. எனவே நகர மருத்துவமனைகளின் ஒழுங்கு, ஊர்ப்புறத்தின் காற்றையும் நீரையும் சார்ந்த விடயமாகிறது.

2016 விதிகள்

2016 மார்ச்சில் வந்த புதிய விதிகள், முந்தைய 10 வகைகளை 4 நிறங்களாகச் சுருக்கின:

மஞ்சள்: உடல் உறுப்புகள், குருதி தோய்ந்த பஞ்சு, காலாவதியான மருந்துகள்
சிவப்பு: குழாய், கையுறை போன்ற நெகிழிப் பொருட்கள்
வெள்ளை: ஊசி, கத்தி போன்ற கூர்மையான பொருட்கள்
நீலம்: கண்ணாடிப் பொருட்கள், உலோக உள்வைப்புகள்

உடல் உறுப்புகள் போன்ற கழிவுகளை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பைகளில் பட்டைக்குறி இருத்தல் வேண்டும். கழிவைக் கையாளும் ஊழியர்களுக்குக் கல்லீரல் அழற்சி-பி, இரணசன்னித் தடுப்பூசிகளும் பயிற்சியும் கட்டாயம்.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, மருத்துவமனைக் கழிவில் சுமார் 15% மட்டுமே அபாயமானது. நோயாளர் கூடத்திலேயே பிரிக்காவிட்டால் மீதமுள்ள 85 விழுக்காடும் அதனால் மாசுபடும். குப்பையில் கலந்த ஊசி முதலில் குத்துவது தூய்மைப் பணியாளரின் கையில்தான்.

விதிமீறலும் தண்டனையும்

விதிகள் இருந்தும், செலவைத் தவிர்க்கக் கழிவை வேற்றிடங்களில் கொட்டும் போக்கு நீடித்தது. மதுரைக்குத் தெற்கே, திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் 2024 திசம்பரில் கேரள மருத்துவமனைகளின் கழிவு கொட்டப்பட்டது கண்டறியப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைப்படி கேரள அரசு அதனைத் திரும்ப எடுத்துச் சென்றது. 2025 ஏப்ரலில், முறைகேடாக மருத்துவக் கழிவைக் கொட்டுவோரையும் குண்டர் தடுப்புச் சட்டம் எனப்படும் 1982 ஆம் ஆண்டின் 14 ஆம் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்க வழிசெய்யும் திருத்த முன்வரைவைத் தமிழகச் சட்டப்பேரவை நிறைவேற்றியது.